நம்ம ஊர் எழுத்தாளருக்கு ஒரு வாசிப்பு வட்டம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஒரு எழுத்தாளர் மேல் பிரியம் வந்துவிட்டால் அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிறையப் பேர் தவிக்கிறார்கள். சிலை வைக்கச் சொல்லி மனுக் கொடுப்பார்கள், தெருவுக்குப் பெயர் சூட்டக் கேட்பார்கள், பிறந்த நாளன்று படத்துக்கு மாலை போடுவார்கள். எல்லாமே நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த பிறந்த நாள் வரை அவருடைய புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை என்றால், அந்த மாலையால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் அனுபவத்தில் உருப்படியான வழி ஒன்றுதான். மாதம் ஒரு தடவை பத்துப் பேர் கூட வேண்டும். அவர் எழுதியதை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக முளைக்கும்.

திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிதில்லை. கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி இந்த வகைக் கூட்டம்தான். வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் உட்கார, கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து, நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதற்குப் பின்னாலும் டி.கே.சி.யின் தூண்டுதல் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு கவியை, கூடி உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லியே இத்தனை பேருக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தது. எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியவரை நம்மால் கொண்டுவர முடியாதா என்ன?

முதலில், ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

"நெல்லை எழுத்தாளர்கள் எல்லோருக்கும்" என்று தொடங்காதீர்கள். நம் பக்கத்து எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது. எட்டயபுரத்துப் பாரதி, புதுமைப்பித்தன், ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன், தி.க.சி., தொ.மு.சி. ரகுநாதன், இடைசெவல் என்கிற ஒரே சின்ன ஊரில் 1923ஆம் வருஷம் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எல்லோரையும் இழுத்துப் போட்டால் யாரையும் ஆழமாக வாசிக்க முடியாது. மாதம் ஒரு ஆளுக்கு அஞ்சலி செலுத்துகிற கூட்டமாக அது மாறிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லுவது புதுமைப்பித்தன். அதற்குக் காரணங்கள் உண்டு. அவருடைய பல கதைகள் ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடிய நீளம். சென்னையில் நடக்கிற கதையில்கூட ஆட்கள் நம் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிராட்வே முனையில் நிற்கிற கந்தசாமிப் பிள்ளைக்கு ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம். புதுமைப்பித்தனே இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவர். சட்டச் சிக்கலும் இல்லை. அவருடைய எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. கதையை நகலெடுத்துக் கொடுக்கலாம், சின்னப் பிரசுரமாகப் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வேறு ஒருவரை எடுத்தால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பொதுவாக, எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆகாதவர் என்றால் குடும்பத்தாரிடமோ பதிப்பகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது மரியாதையும்கூட.

பிரதி சரியாக இருக்க வேண்டும்

பழைய எழுத்தாளர்களின் கதைகள் பல பதிப்புகளில், பல விதமாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் வரி விட்டுப் போயிருக்கும். சிலவற்றில் பேச்சு மொழியை யாரோ திருத்தி எழுத்து மொழியாக்கியிருப்பார்கள். அதை வாசித்தால் ஆசிரியரின் குரல் காணாமல் போய்விடும். புதுமைப்பித்தனுக்கு நல்வாய்ப்பாக ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த செம்பதிப்பு 2000இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கதைகள் காலவரிசையில் இருக்கும். முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது, புத்தகமானபோது என்ன மாறியது என்கிற விவரமும் இருக்கும். வட்டத்துக்கு அதில் ஒரு பிரதி அவசியம். கையில் காசு இல்லை என்றால் மதுரைத் திட்டம் தளத்தில் கதைகள் இலவசமாகக் கிடைக்கும். அதை எடுத்து நூலகப் பிரதியோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை திருத்தி, பிறகு நகலெடுங்கள்.

நகல் எடுக்கும்போது எழுத்தைப் பெரிதாக்குங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சரி, நீங்களே வாசிங்க தம்பி" என்று காகிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். பெரிய எழுத்தும் வரிகளுக்கு நடுவே இடைவெளியும் இருந்தால் அவர்களும் கூடவே விரல் வைத்து வருவார்கள்.

இடமும் நாளும்

வாடகை மண்டபம் வேண்டாம். மண்டபம் என்றால் மேடை, மேடை என்றால் தலைவர், தலைவர் என்றால் பொன்னாடை. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருகிற இடம் போதும். வீட்டு வராண்டா, மொட்டை மாடி, பள்ளி வகுப்பறை, கோயிலை ஒட்டிய மண்டபம் எதுவானாலும் சரி. நல்ல வழி, பக்கத்துக் கிளை நூலகத்தில் போய்க் கேட்பது. பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு ஏற்பாடு ஏற்கனவே உண்டு. பல இடங்களில் அது பெயரளவில் இருக்கும். "மாதம் ஒரு நாள் நாங்கள் வந்து கதை வாசிக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலான நூலகர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு மாவட்ட மைய நூலகமே இருக்கிறது.

நாளை ஒரு முறை நிச்சயித்தால் மாற்றாதீர்கள். இரண்டாவது ஞாயிறு என்றால் எப்போதும் இரண்டாவது ஞாயிறுதான். முகூர்த்த நாள் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அடுத்த மாதம் பாதிப் பேருக்கு நாளே மறந்துவிடும். ஆனித் தேரோட்டத்தன்று டவுனிலும், தசரா சமயத்தில் பாளையங்கோட்டையிலும் கூட்டம் போடாமல் இருந்தால் சரி. நேரம் மாலை ஐந்தரை. ஏழு மணிக்கு முடித்துவிட வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வருகிறவர்கள் பஸ் பிடித்து ராச்சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை நேரம் இழுத்துவிட்டால் வெளியூர்க்காரர்கள் அடுத்த தடவை வருவதற்கு யோசிப்பார்கள்.

ஆள் சேர்ப்பது

வாட்ஸ்அப் குழு தொடங்குவது சுலபம். ஆனால் அதில் சேர்கிற நூறு பேரில் வருகிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நேரில் கூப்பிடுங்கள். தி.க.சி. திருநெல்வேலி டவுனில் தம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே தமிழ்நாடு முழுக்க இருந்த இளம் எழுத்தாளர்களுக்கு அஞ்சல் அட்டை எழுதினார். முகம் தெரியாத ஒருவரின் கதையைப் படித்துவிட்டு நாலு வரி எழுதிப் போட்டுவிடுவார். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெயர் எழுதி ஒரு அட்டை போடுங்கள். அல்லது போன் போட்டு, "அண்ணாச்சி, இந்த மாசம் 'செல்லம்மாள்' வாசிக்கிறோம், அத்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். "அத்தையையும்" என்பது முக்கியம். பெண்கள் வராத வட்டம் சீக்கிரம் ஓய்வு பெற்ற ஆண்களின் அரட்டையாகிவிடும். மாலை நேரம் வைக்கும்போது வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதையும் யோசித்து வையுங்கள். சில மாதங்கள் பகலில் நடத்திப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பேராசிரியர்கள் வரட்டும், தமிழ் படிக்கிற மாணவர்கள் வரட்டும். ஆனால் இலக்கியமே படிக்காத ஒரு மூன்று பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி எங்கள் வட்டத்தில் உண்டு. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் வருகிற பிரமநாயகம் பிள்ளையும் துணிக்கடைச் சிப்பந்திதான். வாசித்து முடித்ததும் அந்த அண்ணாச்சி, சம்பள முன்பணம் கேட்க முதலாளி முன்னால் போய் நிற்கிறபோது கை எங்கே இருக்கும், கண் எங்கே பார்க்கும் என்று எழுந்து நின்று காட்டினார். அந்தக் கதையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அது இல்லை.

வாசிப்பு: இதில்தான் எல்லாம் இருக்கிறது

மாதா மாதம் வாசிப்பவர் மாற வேண்டும். குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு வாரம் முன்னாலேயே கதையைக் கொடுத்து, வீட்டில் இரண்டு மூன்று முறை சத்தமாக வாசித்துப் பழகச் சொல்லுங்கள். மனசுக்குள் படிக்கும்போது சுலபமாகத் தோன்றுகிற வாக்கியம் வாயில் வரும்போது மூச்சு முட்ட வைக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குரலை ஏற்றி இறக்கி நாடகம் ஆக்கினால் கேட்கிறவர் கவனம் வாசிப்பவர் மேல் போய்விடும். பேச்சு வருகிற இடத்தில் மட்டும் நம் ஊர் நீட்டலும் இழுவையும் இயல்பாக வரட்டும். புதுமைப்பித்தன் எழுதிய உரையாடல் நம் காதுக்கு எழுதினது மாதிரியே இருக்கும். சென்னைக்காரர் வாசித்தால் வெறும் எழுத்தாகக் கடந்துபோகிற வரி, இங்கே ஒரு ஆச்சி வாயில் வரும்போது அறையே சிரிக்கும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை இரண்டு பேர் பிரித்து வாசிக்கலாம். கடவுளின் பேச்சு ஒருவருக்கு, மீதி எல்லாம் இன்னொருவருக்கு. பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளையே ஆயுள் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிற இடத்தில் எந்த விளக்கமும் தேவைப்படாது.

கதைக்கு முன்னால் அறிமுக உரை வேண்டாம். எந்த வருஷம், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஒரு வரி போதும். 'செல்லம்மாள்' முதல் வரியிலேயே மூச்சு அடங்குவதோடு தொடங்குகிற கதை. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் "இக்கதையின் சிறப்பு யாதெனில்" என்று ஒருவர் பேசினால் அந்த முதல் வரியின் அடி விழவே விழாது.

வாசித்து முடிந்ததும் உடனே பேசத் தொடங்காதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது?" கதை நன்றாக இருக்கிறதா, ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்டால் பதில் பொதுவாக வரும். இடம் என்று கேட்டால் காகிதத்தைத் திருப்பி வரியைத் தேடுவார்கள். பேச்சும் அந்த வரியிலேயே நிற்கும்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். பிரியம் இருக்கிறது என்பதற்காக விமர்சனத்தை அடக்காதீர்கள். 'துன்பக்கேணி' கதையை ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கத்திலிருந்து படித்தவர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். உங்கள் வட்டத்திலும் ஒருவர் அப்படிச் சொல்லக்கூடும். சொல்லட்டும். "பெரியவரை இப்படிப் பேசலாமா" என்று யாராவது எழுந்தால், வட்டத்தை நடத்துகிறவர்தான் அவரை உட்கார வைக்க வேண்டும். திட்டித் திட்டியாவது வாசிக்கப்படுகிற எழுத்தாளர் வாசகர்களோடு இருக்கிறார். எல்லோரும் புகழ்ந்து, யாருமே படிக்காமல் இருக்கிற நிலைமைதான் எனக்குப் பயம் தருவது.

அவருடைய குடும்ப விஷயம், கடன், வியாதி, யாரோடு சண்டை என்கிற பேச்சு தலையெடுக்கும். கொஞ்சம் விட்டுப் பிடித்துக் கதைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஊரைப் போய்ப் பார்ப்பது

வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே கிளம்புங்கள். புதுமைப்பித்தன் வட்டம் என்றாலும் மற்ற எழுத்தாளர்களின் ஊருக்குப் போகலாம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்தின் கதையைப் போகிற வழியில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கல்கி முன்நின்று, வாசகர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியது அது. 1947 அக்டோபரில் திறந்தார்கள். ஒரு கவிஞருக்கு ரசிகர்கள் காசு போட்டு எழுப்பிய நினைவிடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது.

செலவில்லாமல் போய் வர வேண்டும் என்றால் கடையம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் கீழக்கடையத்தில் இறங்கலாம். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பிறகு பாரதி 1918 முதல் 1920 வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து நாலு பாட்டு வாசித்துவிட்டு மாலை ரயிலில் திரும்பலாம். கோவில்பட்டி பக்கம் போனால் இடைசெவலையும், கோவில்பட்டியில் அரசு கட்டியிருக்கிற கி.ரா. நினைவரங்கத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

போகிற இடத்தில் எழுத்தாளரின் உறவினர்கள் வீட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் நுழையாதீர்கள். வீட்டு வாசலில் நின்று கூட்டமாகப் படம் எடுப்பதும் கூடாது. அது அவர்கள் குடியிருக்கிற வீடு.

சேகரிப்பும் பாதுகாப்பும்

வட்டம் ஒரு வருஷம் ஓடினாலே ஆட்கள் தாமாகப் பொருளைக் கொண்டுவருவார்கள். பரணிலிருந்து எடுத்த பழைய 'கலைமகள்' இதழ், தாத்தாவுக்கு வந்த கடிதம், கல்லூரி ஆண்டுமலர், முதல் பதிப்புப் புத்தகம். ஆசையில் வாங்கி உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், செல்போனை நேர் மேலே பிடித்து எடுத்தால் எழுத்துத் தெளிவாக வரும். அட்டையையும் கடைசிப் பக்கத்து விளம்பரத்தையும் விட்டுவிடாதீர்கள். வருஷமும் விலையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்பதைப் படத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் ஐந்து வருஷத்தில் யாருக்கும் உபயோகமில்லாமல் போய்விடும். ஒரு நகலை அந்தக் குடும்பத்துக்கும் கொடுங்கள். கரையான் அரித்த கட்டு ஏதாவது கிடைத்தால் நீங்களே பிரிக்க வேண்டாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இதற்கென்றே வல்லவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வழி சொல்லுவார்கள்.

காகிதத்தைவிட அவசரமானது ஆட்களின் ஞாபகம். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். நண்பர் ரகுநாதன் 1951இலேயே அவர் வரலாற்றை எழுதிவிட்டார். அந்த மூன்று வருஷ வேகம் இல்லாவிட்டால் இன்றைக்கு அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் எவ்வளவோ மறைந்திருக்கும். உங்கள் எழுத்தாளரை நேரில் பார்த்தவர்கள், அவர் இருந்த தெருவில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காமல், "அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் என்ன தெரியும்? வெற்றிலை போடுவாரா? எந்தக் கடையில் உட்காருவார்?" என்று கேளுங்கள். பதில் தானாக விரியும்.

பணம்

டீயும் வடையும் நகல் எடுக்கிற செலவும்தான். வருகிறவர்கள் ஆளுக்கு முடிந்ததைப் போடட்டும். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். மொத்தச் செலவையும் ஏற்கிறேன் என்று ஒருவர் முன்வந்தால் நன்றி சொல்லி, ஒரு மாதத்து டீச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விருது, அறக்கட்டளை என்று பெரிய தொகை புழங்கத் தொடங்கினால்தான் பதிவு தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். முதல் இரண்டு வருஷம் அதை நினைக்கவே வேண்டாம்.

பிள்ளைகள்

கட்டுரைப் போட்டி வைக்காதீர்கள். இணையத்திலிருந்து எழுதிக் கொண்டுவருவார்கள். அதற்குப் பதில் ஒரு பள்ளிக்குப் போய், ஆசிரியரிடம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கி, கதை வாசியுங்கள். இதற்குப் புதுமைப்பித்தனைவிடக் கு. அழகிரிசாமி பொருத்தம். 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் தீபாவளிக்கு முந்தின வாரம் ஆறாம் வகுப்பில் வாசித்துப் பாருங்கள். உடுத்தச் சரியான துணிகூட இல்லாமல் வந்து நிற்கிற பையன் பெயர் ராஜா என்று தெரிகிற இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு பிள்ளைகளில் ஒருத்தரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். திக்கித் திக்கி வாசித்தாலும் நடுவில் திருத்தாதீர்கள்.

முதல் நான்கு மாதம்

எதிலிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக, நான் சொல்லுகிற வரிசை இது. முதல் மாதம் 'மகாமசானம்'. சில பக்கம்தான். சென்னையில் ஒரு நெரிசலான சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். மாம்பழம் வாங்கப் போன அப்பாவுக்காகக் காத்திருக்கிற குழந்தை அதைப் பார்க்கிறது. வந்தவர்களுக்கு வட்டம் எப்படி நடக்கும் என்று புரிந்துவிடும். பேசவும் நிறைய நேரம் இருக்கும். இரண்டாம் மாதம், இரண்டு குரலில், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. அன்றைக்குப் புது ஆட்களைக் கூட்டிவரச் சொல்லுங்கள். மூன்றாம் மாதம் 'செல்லம்மாள்'. அன்று டீயை வாசிப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு யாருக்கும் குடிக்கத் தோன்றாது. நான்காம் மாதம் 'துன்பக்கேணி'. நீளமான கதை. வாசவன்பட்டியில் நடக்கிற முதல் பகுதியை ஒரு மாதமும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பகுதியை அடுத்த மாதமும் வைத்துக்கொள்ளலாம். மலைத் தோட்டத்துக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.